செருப்பைக் கையில் எடுத்தால்

தண்ணீருக்கு நன்றி ஐயா. மேஜையில் இரண்டு டம்ளர்கள் இருந்தன. விளிம்பு உடைந்ததைத் தள்ளி வைத்துவிட்டு நல்லதில் ஊற்றிக் கொடுத்தீர்கள். செய்தது உங்களுக்கே நினைவிருக்காது. நான் இதையெல்லாம் கவனிப்பேன். தொழில் அப்படி.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். எழுதிக்கொள்கிற தம்பிக்கும் புரிய வேண்டுமே, அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பிசாசு ஒழிப்பு இலாகாவில் நான் அடையாளம் பார்ப்பவள். வாள் பிடிக்கிறவர்கள் வேறு, அடையாளம் பார்க்கிறவர்கள் வேறு. பிசாசு ஒருவரைத் தின்றுவிட்டு அவருடைய உருவத்திலேயே அவர் வீட்டில் குடியிருக்கும். அதே முகம், அதே குரல். பக்கத்து வீட்டுக்காரியோடு போட்ட சண்டையைக்கூட விட்ட இடத்திலிருந்து தொடரும். வாளால் வெட்டினால் விழும். விழுந்தது பொழுது சாய்வதற்குள் சாம்பலாகிவிடும். மனிதர் என்றால் ஆகாது. அப்போது தெரிந்து என்ன பயன்? வெட்டுவதற்கு முன்பே ஒருவர் நிச்சயமாகச் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர் நான்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. தெரியாதவளைப் போல அந்த வீட்டுக்குள் போய் ஒரு முக்காலியில் உட்காருவேன். சால்வை நுனியை முக்காலியின் காலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்படி விட்டுவிடுவேன். பிறகு பேசிக்கொண்டிருப்பேன். மனிதர் என்றால் பேச்சோடு பேச்சாகக் குனிந்து அதை எடுத்து விடுவார். இல்லையென்றால் சன்னல் வெயில் என் கண்ணில் படுகிறதென்று கதவைக் கொஞ்சம் சாத்துவார். எதையாவது செய்வார், செய்ததை உடனே மறந்துவிடுவார். பிசாசு அதைத் தாண்டிக்கொண்டு நடக்கும்.

அது அழும் ஐயா. கட்டிப் பிடிக்கும். பிள்ளைக்கு ஜுரம் என்றால் மார்பில் அடித்துக்கொள்ளும். பெரிய அன்பை யாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. சின்ன அன்பை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காததை அது எங்கே போய்க் கற்றுக்கொள்ளும்? மனிதரைக் கடவுள் அடையாளம் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார் என்று நான் நம்புகிறேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றும்போது, ‘என் கண்ணைத் தப்ப விடாதே’ என்று வேண்டிக்கொண்டுதான் உள்ளே போவேன்.

வெளியே வரும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் உள்ளே இருப்பது மனிதர். கையில் எடுத்துக்கொண்டு வந்தால் பிசாசு. தெரு முனையில் நிற்கிற வாள்காரர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். பேச்சே கிடையாது. பேசினால் அது கேட்டுவிடும்.

எனக்கு ஜோடியாகப் போட்ட வாள்காரப் பையன் என்னிடம் வந்தபோது அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. இலாகாவில் அவனுக்குக் ‘கல்லு’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் கேன்டீன்காரர். “அக்கா, அந்தப் பையன்கிட்ட டீ நல்லாருக்கான்னு கேட்டேன். ‘சூடா இருக்கு’ங்கிறான். இதுக்கு நான் சந்தோஷப்படணுமா, பாய்லரைத் தூக்கிப் போடணுமா?” என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

ஆனால் வாளை எடுத்தால் வேறு ஆள். நான் எத்தனையோ வாள்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கத்துவார்கள், பாய்வார்கள், வீட்டுச் சாமான்களை உடைப்பார்கள். இவன் வாசல் கதவைச் சத்தமில்லாமல் தள்ளுவான். ஒரே வீச்சு. சட்டை மடிப்புக்கூடக் கலையாது. பிறகு வாளைத் துடைத்துவிட்டு, அந்த வீட்டுச் சுவரில் ஏதாவது தெறித்திருந்தால் அதையும் ஈரத்துணியால் துடைப்பான். மற்றவர்கள் பயந்தார்கள். அவனே ஒரு பிசாசாக இருப்பானோ என்றுகூடக் காதோடு காதாகப் பேசினார்கள். நான்தான் விட்டுக்கொடுக்கவில்லை. “என் தம்பியைப் பத்தி எவனாவது பேசினீங்க, நாக்கை இழுத்து வெச்சு அறுப்பேன்” என்று சொன்னேன்.

தம்பி என்று வாய்ச்சொல்லுக்குச் சொல்லவில்லை. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இலாகா கொடுத்த வீட்டில் ஆளுக்கு ஓர் அறை, நடுவில் ஒரு சமையலறை. அவனுக்குப் பிடித்தது எது பிடிக்காதது எது என்று கேட்டால் சொல்ல மாட்டான். அதனால் எல்லாவற்றையும் சமைத்தேன். குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து அவனுக்கு ஒரு சால்வை பின்னினேன். கையில் கொடுத்ததும் வாங்கிக்கொண்டான். “சரிக்கா” என்றான். ஒரு நாளும் போட்டுக்கொண்டு வெளியே வந்ததில்லை. அவன் பெட்டியில் மெல்லிய துணியில் சுற்றி வைத்திருந்ததை அறை பெருக்கும்போது பார்த்தேன். கண்ணில் படாமல் ஒளித்து வைக்கும் அளவுக்கு அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவன் குறைகளைச் சொல்வதற்காக வரவில்லை. ஆனால் நான் பட்டது என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாள் தீட்டும்போது வீட்டுக்குள் தீட்ட மாட்டான். எவ்வளவு பனி பெய்தாலும் தெருவில் போய் உட்கார்ந்துகொள்வான். எனக்குக் கல் தூசி பட்டால் இருமல் நிற்காது, அது வேறு. ஆனாலும் ஒரு மனிதன் அக்காவோடு ஒரே கூரையின் கீழ் கொஞ்ச நேரம் உட்காரக்கூடாதா? வேலைக்குப் போகும்போது எப்போதும் எனக்கு முன்னால் நடப்பான். வழியில் கிடக்கும் கல்லையும் கண்ணாடித் துண்டையும் காலால் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே போவான், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. ஒரு தடவை திரும்பிப் பார்க்க மாட்டான். முனை வந்தால் நின்றுவிடுவான், முதுகைக் காட்டிக்கொண்டு. நான் பக்கத்தில் வந்ததும் மறுபடி நடப்பான். ரொட்டி தீய்ந்துபோனால் தீய்ந்த பக்கத்தை அவன் எடுத்துக்கொண்டு எதுவும் சொல்லாமல் தின்பான். நன்றாக இருக்கிறது என்றும் கிடையாது, தீய்ந்துவிட்டது என்றும் கிடையாது.

ஒரே ஒரு தடவை அவனாகப் பேசினான். மழைக்கு ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தோம். எதிர்க் கடையில் ஒரு தாய் தன் குழந்தையை வாரியணைத்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அதுவும் இப்படித்தான் கொஞ்சும்” என்றான்.

“எதுப்பா?”

“எங்க வீட்ல இருந்தது. அம்மா மாதிரி. அம்மாவை விட நல்லாக் கொஞ்சும்க்கா. அதனாலதான் யாருக்கும் தெரியல.”

பிசாசைத் தாய் என்று நினைத்து அதன் மடியில் வளர்ந்த பிள்ளை. அங்கேயே அவன் தலையை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதேன். அவன் விறைத்துப்போய் நின்றான். மழை விட்டதும் மெதுவாக விலகி, “தரை காஞ்சிருச்சு, போலாம்” என்றான். அவ்வளவுதான். அன்று முதல் நான் அவனிடம் இன்னும் அதிகமாக அன்பு காட்டினேன். பார்க்கும்போதெல்லாம் கன்னத்தைத் தடவுவேன். ஊரார் முன்னால் ‘என் பிள்ளை’ என்பேன். ஒரு மனம் எத்தனை நாளைக்குத்தான் கல்லாக இருக்கும் என்று நம்பினேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் கேன்டீன்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்னக்கா, எல்லாருக்கும் எப்ப ஸ்வீட்டு? இனிமே காலை நீட்டி உக்காந்துக்கலாம் போல.”

“எதுக்குய்யா ஸ்வீட்டு?”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “அய்யய்யோ, உங்ககிட்ட சொல்லலையா? கல்லுதான் மேலதிகாரி ரூமுக்குப் போயிருந்தான். உங்களுக்குப் பதிலா வேற ஆளைப் போடச் சொல்லி. நான் டீ குடுக்கப் போனேன், என் காதாலயே கேட்டேன். கல்லு அவ்வளவு பேசி நான் பாத்ததே இல்லக்கா. அவர் முடியாதுங்கிறாரு, இவன் விட மாட்டேங்கிறான். கடைசில கையெடுத்துக் கும்பிட்டான்.”

கையெடுத்துக் கும்பிட்டானாம். என்னைக் கழற்றி விடுவதற்கு.

வீட்டுக்கு வந்தேன். தெருவில் உட்கார்ந்து வாள் தீட்டிக்கொண்டிருந்தான். நேரே கேட்டேன்.

“வேற ஆள் வேணும்னு நீதான் கேட்டியா?”

“ஆமாக்கா.”

“ஏன்?”

கல்லில் ஒரு இழுப்பு இழுத்தான். “போன தடவை உள்ள போய் வர ரொம்ப நேரமாச்சு. கை நடுங்குது உங்களுக்கு. போதும்க்கா.”

போதும். நான் வடித்துக் கொட்டிய சோறு, பின்னிய சால்வை, அவனுக்காக ஊரோடு போட்ட சண்டை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வார்த்தை. என் கை நடுங்குவது உண்மைதான். அதை என்னிடம் சொல்லாமல் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான் பாருங்கள். முதுகில் குத்துகிறவன்கூட அத்தனை சாந்தமான முகத்தோடு குத்த மாட்டான். நான் அழவில்லை. உள்ளே போய்ச் சமைத்தேன். அன்றைக்கு உப்புக்கூடச் சரியாக இருந்தது.

புதிதாக வந்தவளை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள். அவள் பள்ளிக்கூடத்தில் பிசாசு புகுந்து ஒரு சிறுமியைத் தின்ற பிறகு இந்த வேலைக்குத் தானாக வந்தாள். நல்ல பெண். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முதல் நாளே என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். முக்காலி, சால்வை எல்லாவற்றையும் ஒரு தடவை காட்டினால் போதும், பிடித்துக்கொள்வாள்.

அவளோடு அவன் பேசினான் ஐயா. நான் சமையலறையிலிருந்து கேட்டேன்.

“செருப்பை வலது கையில பிடிங்க டீச்சர். இடது கையில பிடிச்சா சேலை மறைச்சிடும், தூரத்திலிருந்து தெரியாது.”

“நீங்க பேசுவீங்களா தம்பி? ஊமைன்னுல்ல சொன்னாங்க!”

அவன் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்புதான். ஆனால் சிரித்தான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த எனக்கு அந்த வாயில் எத்தனை பல் இருக்கிறது என்று தெரியாது.

பாத்திரம் எடுத்து வைக்க டீச்சர் உள்ளே வந்தாள். “அக்கா, தம்பி என்ன சொன்னார் தெரியுமா? ‘அக்காகிட்ட இருக்கிற கண்ணு வேற யார்கிட்டயும் கிடையாது, முழுசாக் கத்துக்கோங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது’ன்னார்.” என் மனம் குளிர வேண்டுமென்று அவளாகக் கட்டிச் சொன்னது. நல்ல மனசு. அவன் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

என் கடைசி வேலை என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பூட்டுக்காரர் ஒருவரின் மனைவி, நோயில் கிடந்து எழுந்த பிறகு ஆள் மாறிவிட்டாள் என்று அக்கம்பக்கத்தார் புகார். டீச்சர் கூட வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நடுப்பகல். பூட்டுக்காரர் கடையில் இருந்தார். அவன் வழக்கம்போலத் தெரு முனையில் நின்றான். நானும் டீச்சரும் உள்ளே போனோம்.

வாசலில் நான் வேண்டிக்கொண்டேன். அன்றைக்கும் வேண்டிக்கொண்டேன்.

அந்த அம்மாளிடம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்த உடனேயே என் சால்வையை எடுத்து விட்டாள். நோயில் முடி கொட்டிவிட்டது, அந்த வெட்கத்தில் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை, அவ்வளவே. எங்களுக்காகத் தரையைத் துடைத்தாள். பிறகு மேகம் கறுப்பதைப் பார்த்துவிட்டு, “துணி காயுது, எடுத்துட்டு வந்துடறேன்” என்று பின்பக்கம் போனாள்.

டீச்சர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். “மனுஷிதான், இல்லக்கா?” என்று கிசுகிசுத்தாள்.

“சரியாச் சொன்னே. நீ இங்கேயே உக்காரு, நான் அவன்கிட்ட சொல்லிட்டு வர்றேன்” என்றேன்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வலது கையில்.

நான் தனியாக வருவதைப் பார்த்ததும் அவன் எதிரே வந்தான். “டீச்சர் எங்கே?” என்றான். வேலை நேரத்தில் அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் அவளுக்காக.

“டீச்சரைத் தின்னுடுச்சு தம்பி. அந்தம்மா உருவத்தைக் கழட்டிப் போட்டுட்டு, இப்ப டீச்சரா உக்காந்திருக்கு” என்றேன்.

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உதடு மட்டும் வெளுத்தது.

“நிச்சயமாக்கா?”

“என்னை நம்பலையா?”

“உங்களை நம்பாம வேற யாரை நம்பறது?” என்றான். உள்ளே போனான். நான் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றேன்.

அவனைப் பார்த்ததும் டீச்சர் எழுந்தாள். “தம்பி, பாத்து. தரை ஈரமா இருக்கு, வழுக்கும்” என்றாள்.

அவன் நின்றுவிட்டான். இந்த வேலையின் பாடம் அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிசாசு அதைச் சொல்லாது. அவன் திரும்பினான். அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். தெருவில் ஒரு நாளும் திரும்பிப் பார்க்காதவன் அன்று திரும்பி என் கண்ணைப் பார்த்தான். நேரம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லலாம், செருப்பைக் கீழே போடலாம்.

நான் தலையசைத்தேன்.

ஒரே வீச்சுதான். அவளுக்கு வலித்திருக்காது. கையில் அவ்வளவு சுத்தம்.

துணிகளோடு உள்ளே வந்த அந்த அம்மாள் வீறிட்டாள். அவன் அவளைப் பார்த்தான். கழற்றிப் போட்ட உருவம் என்று நான் சொன்ன அந்த அம்மாள் துணிக் குவியலோடு உயிரோடு நின்றாள். அப்போதே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவன் அந்த அம்மாள் பக்கம்தான் திரும்பினான். “நீங்க பக்கத்து வீட்டுக்குப் போங்கம்மா, இதைப் பாக்க வேணாம்” என்றான். பிறகு டீச்சர் பக்கத்தில், அந்த ஈரத் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் முகத்தில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டான். சாம்பலாவதற்காகக் காத்திருந்தான்.

மேகம் விலகி வந்த வெயில் தரையிலிருந்து சுவரில் ஏறி, பிறகு இல்லாமல் போனது. அவள் அப்படியே இருந்தாள்.

இப்போதாவது என்னைத் திட்டுவான், கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தோள் குலுங்கியது. சத்தம் இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் தலையில் கை வைத்து, “அக்கா இருக்கேன் இல்ல, இனிமே உனக்கு அக்கா மட்டும்தான்” என்றேன். என் கையை மெதுவாக எடுத்து என் மடியில் வைத்துவிட்டான். “குளிருதுக்கா. நீங்க வீட்டுக்குப் போங்க. யார் கேட்டாலும் உங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லுங்க” என்றான். அந்த நேரத்தில்கூட என்னை அப்புறப்படுத்துவதிலேதான் அவனுக்குக் குறி.

மீதி உங்களுக்குத் தெரியும். அவனாகவே நடந்து உங்களிடம் வந்தான். நாளைக் காலையில் அவனுக்குத் தூக்கு என்கிறார்கள். கடவுளுக்குப் பயந்தவள் நான், அதனால் கேட்டுக்கொள்ளுங்கள்: டீச்சர் மனுஷி என்று தெரிந்தே சொன்னேன். அந்தப் பெண்ணைக் கொன்றது நான். அவன் வெறும் வாள்தான்.

அவனைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். அப்படி எனக்கு நல்ல பெயர் வேண்டாம். அவன் கொடுத்த வாக்குமூலத்தைப் பற்றி வெளியே காவல்காரர் சொன்னார், அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். என்னிடம் சைகை வாங்காமல் அவனாகவே உள்ளே போனானாம். அவனாகவே வெட்டினானாம். அக்காவுக்கு இதில் சம்பந்தமே இல்லையாம். மூன்று தடவை கேட்டும் அதையே சொன்னானாமே. கழுத்துக்குக் கயிறு வருகிற நேரத்திலும், ‘அக்கா சொன்னாங்க, செஞ்சேன்’ என்று என் பெயரை ஒரு தடவை வாயில் எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அந்தத் துரோகத்தை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்து மனிதர் எது, பிசாசு எது என்று சொன்னவள் நான். என் கண் தப்பாது. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: இத்தனை வருஷம் கூடவே இருந்து பார்த்துவிட்டேன், அந்தப் பையன் எனக்கென்று ஒரு சின்ன நல்லதுகூடச் செய்ததில்லை.